மரம் வேண்டாத சரிவு

மலையில் மரம் நட வேண்டாம் என்று சொல்பவரை யாரும் நல்ல கண்ணால் பார்ப்பதில்லை. அதுவும் ஜூன் மாதத்தில், சுற்றுச்சூழல் நாளையொட்டி ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு சங்கமும் கன்றுகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு காலியான சரிவு எங்கே இருக்கிறது என்று தேடி அலையும் வேளையில் சொன்னால், சொன்னவருக்கு இயற்கையின் மேலேயே ஏதோ பகை என்று எண்ணிக்கொள்வார்கள். ஆனாலும் கோத்தகிரியில் குடியிருக்கும் நான் சில ஆண்டுகளாக இதைத்தான் கேட்பவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிவருகிறேன். நீலகிரியின் உயரமான பகுதிகளில் நம் கண்ணுக்குக் காலியாகத் தெரியும் சரிவு காலியான இடமே அல்ல. அது புல்லின் வீடு. அங்கே நடப்படும் மரக்கன்று, அது எவ்வளவு நல்ல எண்ணத்தோடு நடப்பட்டாலும், ஏற்கெனவே குடியிருப்பவரை வெளியேற்ற வந்ததுதான்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேல் இம்மலையின் இயல்பான தோற்றம் சோலையும் புல்வெளியும் கலந்தது. மலை மடிந்து ஓடை பிறக்கும் பள்ளங்களில் சோலைக்காடு குட்டையாக, நெருக்கமாக, கிளையெல்லாம் பாசி படர்ந்து நிற்கும். முகடுகளிலும் திறந்த சரிவுகளிலும் புல் விரிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே யாரோ வரப்பு போட்டு வைத்ததைப் போல ஓர் எல்லை தெரியும். டிசம்பரிலும் ஜனவரியிலும் திறந்த வெளியில் இறங்கும் உறைபனி, சோலை மரத்தின் இளங்கன்றை ஓரிரவில் கருக்கிவிடும். உயிர்முனையை மண்ணை ஒட்டி வைத்திருக்கும் புல்லோ மேலே காய்ந்தாலும் அடியில் பிழைத்துக்கொள்ளும். பனியோடு காற்றும், அவ்வப்போது பற்றும் தீயும், மேயும் விலங்குகளும் சேர்ந்துதான் அந்த எல்லையைக் காத்து வந்தன.

மனிதர்கள் காட்டை எரித்ததால் உண்டானவையே இப்புல்வெளிகள் என்ற கருத்து நெடுநாள் இருந்தது. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் கரிமண்ணை ஆராய்ந்து சூழலியலாளர் ரா. சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993-ல் வெளியிட்ட முடிவுகள் அந்தக் கருத்தை ஆட்டங்காண வைத்தன. 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, குளிரும் வறட்சியும் மிகுந்திருந்த காலத்தில், இங்கே புல் பரந்திருந்தது என்பதை அந்த மண்ணில் எஞ்சியிருந்த கார்பனே காட்டிக்கொடுத்தது. அப்படியானால், இங்குள்ள புல்வெளி அழிந்துபோன காட்டின் மிச்சம் அல்ல. சோலைக்கு இளைத்ததும் அல்ல.

1819-ல் ஜான் சல்லிவன் மலையேறி வந்ததற்குப் பின் நடந்தவை பலருக்கும் தெரிந்த கதைதான். உதகையில் குடியேறிய ஆங்கிலேயருக்கு விறகு வேண்டியிருந்தது. சோலை மரம் மெல்ல வளரும். வெட்டினால் திரும்ப வருவதற்குத் தலைமுறைகள் ஆகும். ஆகவே வேகமாக வளரும் மரங்களை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். 1843-ல் கேப்டன் காட்டன் வெலிங்டன் பகுதியில் கற்பூர மரங்களை, அதாவது யூகலிப்டஸை, நட்டதாகப் பதிவு இருக்கிறது. அதே காலத்தை ஒட்டி, வாட்டில் எனப்படும் சீகை மரமும் வந்தது; இது தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் அல்ல. விடுதலைக்குப் பின் நிலைமை மாறிவிடவில்லை, இன்னும் வேகமெடுத்தது. தோல் பதனிடச் சீகைப் பட்டையும், செயற்கைப் பட்டு நூலுக்குக் கற்பூர மரக்கூழும் தேவைப்பட்டன. புல்வெளிகள் அரசுக் கணக்கில் பயனற்ற நிலம் என்றே எழுதப்பட்டிருந்ததால் தோப்பு போட இடம் தேடவே வேண்டியிருக்கவில்லை. மிஞ்சியதைத் தேயிலையும் மலைக்காய்கறியும் அணைக்கட்டுகளும் எடுத்துக்கொண்டன. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று, 1973-க்குப் பிந்தைய நாற்பதாண்டுகளில் அங்கிருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் காட்டுகிறது. கொடைக்கானலில் பைன் தோப்புக்குள் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள், தாங்கள் நிற்கும் இடம் ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்று அறிய வாய்ப்பே இல்லை.

நீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. ஏனெனில் புல்லுக்காக யாரும் கவலைப்படாவிட்டாலும் தண்ணீருக்காக எல்லோரும் கவலைப்படுவார்கள். உதகையிலுள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் கிளென்மார்கனில் அடுத்தடுத்து இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைச் சோலையும் புல்லுமாக அப்படியே விட்டுவைத்தார்கள். மற்றதில் 59 விழுக்காட்டுப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில், மரம் நட்ட பகுதியிலிருந்து ஓடிவந்த நீர் ஆண்டுக்குச் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் தழைக்கவிட்ட இரண்டாம் சுழற்சியில் அந்தக் குறைவு ஏறத்தாழ 25 விழுக்காடாக உயர்ந்தது. மரம் மழையைக் கொண்டுவரும் என்று பாடம் படித்து வளர்ந்த நமக்கு இது உவப்பான செய்தி அல்ல. எந்த மரம், எந்த இடத்தில், எதை அகற்றிவிட்டு நட்டது என்ற கேள்விகளைக் கேட்காமல் மரம் என்ற ஒன்றை மட்டும் கும்பிட்டால் இப்படித்தான் ஆகும்.

இவ்வளவும் காப்புக்காடுகளையும் தேசியப் பூங்காவையும் பற்றிய செய்தியாகவே இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். முக்குறுத்தியில் வரையாடு மேயும் புல்வெளியை மீட்பது வனத்துறையும் ஆய்வாளர்களும் செய்ய வேண்டிய வேலை. அயல் தாவரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. தமிழக அரசும் 2022-ல் அதற்கெனத் தனிக்கொள்கை வகுத்திருக்கிறது. ஆனால் நீலகிரியில் வீடு என்றாலே அதற்குப் பின்னால் ஒரு திட்டு இருக்கும், முன்னால் ஒரு சரிவு இருக்கும், பக்கத்தில் ஓடைக்குப் போகும் கால்வாய் ஒன்று இருக்கும். வீட்டுப் பட்டாவிலும் சாலையோரத்திலும் பள்ளி வேலிக்கு வெளியேயும் கிடக்கும் இந்தத் துண்டு நிலங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சீகை விதையும், செஸ்ட்ரம் என்ற அயல் புதரின் விதையும் காட்டுக்குள் போவது பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான்.

எங்கள் வீட்டுத் திட்டில் என்னென்ன இருந்தன என்று பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. தரையெல்லாம் கிக்குயு புல். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மாட்டுத் தீவனத்துக்காக வந்தது. ஓரத்தில் ஆரஞ்சு நிறப் பூவோடு செஸ்ட்ரம். மத்திய அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்தது. தடுப்புச் சுவரின் இடுக்குகளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் சிறு டெய்சி, மெக்சிகோவிலிருந்து வந்தது. கால்வாய்ச் சேற்றில் வெண்ணிறக் காலா லில்லி, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. இவற்றுக்கு நடுவே எங்கும் விரல் நீளச் சீகைக் கன்றுகள். ஊட்டி என்றாலே இந்தப் பூக்கள்தான் என்று நினைத்து விருந்தினர் கொத்தாகப் பறித்துக்கொண்டு போவார்கள். அந்தத் திட்டில் இந்த மலைக்கே உரியது என்று சொல்ல மேல் மூலையில் ஓர் ஊசிக்களாச் செடியும், அதன் முள்ளுக்குள் ஆடு மாடுகளுக்கு எட்டாமல் ஒளிந்து பிழைத்த சில புல் கொத்துகளும் மட்டுமே இருந்தன.

மீட்டெடுப்பது என்றால் முதலில் நடுவது அல்ல, பிடுங்குவதுதான். சீகைக் கன்றை மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது பிடுங்கினால் ஆணிவேரோடு வந்துவிடும். கோடையில் இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும், வேர் மறுபடியும் துளிர்க்கும். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கக்கூடியது. தீயோ மண்வெட்டியோ பட்டால் விழித்துக்கொள்ளும். ஆகவே மண்ணை எவ்வளவு குறைவாகக் கிளறுகிறோமோ அவ்வளவு நல்லது. கிக்குயுவுக்கு இந்தப் பொறுமை பலிக்காது. கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணுக்குள் ஓடும் அதன் வெண்ணிறத் தண்டைக் களைக்கொத்தால் தொடர்ந்து சென்று எடுக்க வேண்டும். ஒரு கணு மிச்சமிருந்தால் அடுத்த மழைக்குள் கைப்பிடியளவு படர்ந்துவிடும். காலா லில்லியின் கிழங்கு இன்னும் மோசம். மருந்து அடித்தால் ஒரே நாளில் வேலை முடியும் என்று உரக்கடையில் சொன்னார்கள். கால்வாய்த் தண்ணீர் கீழ் வீட்டுக் கிணற்றடிக்குப் போகிறது. அதனால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டேன்.

புல் எங்கிருந்து கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. கடையில் கிடைக்காது, கடையில் கிடைப்பதெல்லாம் பாய் போல விரிக்கும் புல்தரைதான். காப்புக்காட்டிலிருந்து ஒரு கொத்தைக்கூட எடுக்கக் கூடாது. சட்டப்படி தவறு, நியாயப்படியும் தவறு. ஆனால் சாலை அகலப்படுத்த இயந்திரம் வந்து நிற்கும் கரைகளிலும், வீடு கட்டச் சமன் செய்யப்போகும் மனைகளிலும் அழியப்போகும் புல் நிறையவே இருக்கிறது. உரியவரிடம் சொல்லிவிட்டு, இயந்திரம் தொடுவதற்கு முதல் நாள் போய்ச் சாக்கில் அள்ளி வந்தால் யாருக்கும் இழப்பில்லை.

இம்மலைப் புற்கள் பெரும்பாலும் கொத்தாக வளர்பவை. கிரைசோபோகன் இருக்கிறது, தெமீடா இருக்கிறது, கதிர் முற்றும்போது சரிவு முழுவதையும் செம்புநிறமாக்கும் வேறு பலவும் இருக்கின்றன. இவற்றுக்கு ஊருக்கு ஊர் பேர் வேறு, பல இடங்களில் பேரே இல்லை. விதை போட்டு முளைக்கவைப்பது கடினம், முளைப்புத் திறன் குறைவு. கொத்தைப் பிரித்து நடுவதே நம்பகமான வழி. தோண்டியெடுத்த கொத்தை மடியில் வைத்து அடிப்பகுதியை விரலால் விலக்கிப் பார்த்தால், காய்ந்த பழுப்புநிற உறைகளுக்குள் வெள்ளையும் வெளிர்பச்சையுமாகப் புதிய முளைகள் தெரியும். நான்கைந்து முளைக்குக் கொஞ்சம் வேர் சேர்ந்து வருமாறு பிரிக்க வேண்டும். மேலே ஒரு சாண் மட்டும் விட்டு இலையைக் கத்தரித்துவிட்டால் வேர் பிடிக்கும்வரை ஈரம் வீணாகாது. கோத்தகிரி, கூடலூரையும் அவலாஞ்சியையும் போலத் தென்மேற்குப் பருவக்காற்றில் நனையும் ஊர் அல்ல. இங்கே வடகிழக்குப் பருவமழைதான் கை கொடுக்கும். ஆகவே அக்டோபரில் நடுவது என் வழக்கம்.

நான் குந்தி உட்கார்ந்து புல் நட்டுக்கொண்டிருந்ததைக் கீழ் வீட்டம்மா வேலிக்கு அப்பாலிருந்து வெகுநேரம் பார்த்திருக்கிறார். “என்னக்கா, ஊரெல்லாம் காசு கொடுத்துப் புல்லை வெட்டுறாங்க, நீங்க புல்லைப் போய் நட்டுக்கிட்டு இருக்கீங்க?” என்றார். “பாம்பு வந்தா என்னக்கா பண்ணுவீங்க?” என்ற கேள்வியும் கூடவே வந்தது. அந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. வாசலுக்கும் நடைபாதைக்கும் அருகே புல்லைக் குட்டையாக வெட்டிவிடுகிறேன். ஆனால் முழங்கால் உயரப் புல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஆள் உயரச் செஸ்ட்ரம் புதருக்குள் பார்க்க முடியாது. காட்டுப்பன்றியும் சிறுத்தையும் ஊருக்குள் பதுங்குவதற்குத் தோதானவை அப்படிப்பட்ட புதர்கள்தான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

புல் வேரூன்றிய பிறகு அதன் தாளை அருகிருந்து பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. இலையின் அடிப்பக்கத்தில், இலையின் அதே பச்சையில், நீளவாக்கில் ஒட்டிக்கொண்டு ஒரு புழு இருக்கும். தலையில் மட்டும் இரண்டு சிறு கொம்புகள். கொம்பைப் பார்த்தால்தான் அது புல் அல்ல என்று தெரியும். மாலை மங்கும் நேரத்தில் நடைபாதையோரம் தாழப் பறக்கும் பழுப்புநிற வண்ணத்துப்பூச்சிகளின் புழு அது. அந்த இனங்கள் புல்லைத் தின்றே வளர்பவை. ரோஜாவும் ஹைட்ராஞ்சியாவும் எவ்வளவு பூத்தாலும் அந்தப் பூச்சிக்கு அவற்றால் பயனில்லை. கதிர் முற்றியதும் சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்து தாளோடு சாய்ந்து தொங்கி விதை உருவுகின்றன. வேலிக் கம்பத்தில் புதர்ச்சிட்டு ஒன்று நிரந்தரமாக இடம் பிடித்துக்கொண்டு, வெட்டுக்கிளி தாவும்போதெல்லாம் தரைக்கு இறங்கி ஏறுகிறது. இவ்வளவு சிறிய திட்டில் நீலகிரி நெட்டைக்காலி வந்து கூடு கட்டும் என்று நான் கனவு காணவில்லை. அந்தப் பறவைக்கு விரிந்த உயர்மலைப் புல்வெளி வேண்டும், அதைத் தருவது வீட்டுக்காரர்களால் ஆகிற காரியம் அல்ல.

சிறு திட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் லாங்வுட் சோலையைக் காட்டுவேன். கோத்தகிரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், தேயிலைக்கும் வீடுகளுக்கும் நடுவே 116 ஹெக்டேரில் நிற்கிற காடு அது. கீழேயுள்ள ஊர்களுக்குக் குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது. அந்தக் காட்டைக் காப்பதில் உள்ளூர்க்காரர்களின் காவல் குழு ஒன்று பல ஆண்டுகளாக வனத்துறையோடு சேர்ந்து நின்றது. 2024 ஜனவரியில் அதற்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. அந்தச் சோலையின் எல்லையோரத்தில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுத் தோட்டமும் ஒன்று அதற்கு விதை அனுப்பும், அல்லது அதனிடமிருந்து விதை வாங்கும். பறவை வேலியைப் பார்ப்பதில்லை. செஸ்ட்ரம் பழத்தையும் கொண்டுபோகும், நாவல் பழத்தையும் கொண்டுபோகும்.

இனி சர்ச்சைக்குரிய பகுதிக்கு வருகிறேன். அயல் மரம் என்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டித் தள்ள வேண்டும் என்று பேசுபவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் 1980-களிலிருந்தே நாற்றங்கால் அமைத்துச் சோலை மரங்களையும் மலைப்புற்களையும் வளர்த்த டான்யா பால்கரும் பாப் ஸ்டூவர்ட்டும் இதைக் களத்தில் கண்டு சொன்னார்கள். முதிர்ந்த சீகைத் தோப்பின் நிழலில், பனியும் வெயிலும் நேரடியாகப் படாத இடத்தில், பறவைகள் போட்ட விதையிலிருந்து சோலை மரங்கள் தாமாகவே எழுந்து வருகின்றன. அத்தகைய தோப்பை மொத்தமாக வெட்டினால் அடியில் வளர்ந்த கன்றுகளும் சாகும்; வெளிச்சம் பட்ட மண்ணில் கோடிக்கணக்கான சீகை விதைகள் ஒன்றாக முளைக்கும். ஆகவே புல்வெளியின் விளிம்பில் புதிதாக ஏறிவரும் சீகையைத் தயங்காமல் அகற்ற வேண்டும். பள்ளத்தில் முதிர்ந்து நிற்கும் தோப்பைப் பொறுத்திருந்து, மெல்ல மெல்லச் சோலையிடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. மேலும் இம்மலையில் சொந்த நிலமானாலும் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வாங்க வேண்டும். சீகை விரல் அளவில் இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் மனு எழுதும் வேலை மிச்சம்.

எங்கள் பகுதியில் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம், தன் விளையாட்டு மைதானத்துக்கு மேலே எஞ்சியிருந்த கடைசிப் புல் சரிவில் வரிசையாகக் குழி வெட்டிச் சில்வர் ஓக் கன்றுகளை நட்டது. படம் பிடித்தார்கள், இனிப்பு கொடுத்தார்கள். அடுத்த கோடைக்குள் கன்றுகளில் பெரும்பாலானவை காய்ந்துவிட்டன; குழிக்காகக் கிளறிய மண்ணில் மட்டும் சீகை அழகாக வட்டம் வட்டமாக முளைத்திருந்தது. அந்தச் சரிவில் கிழக்குப் பக்கம் காட்டுச் செடியாக நின்ற தவிட்டுப்பழப் புதரையும் இடைஞ்சல் என்று வெட்டிவிட்டார்கள். இளஞ்சிவப்புப் பூவும், வாயெல்லாம் ஊதாவாக்கும் பழமும் உள்ள அந்தப் புதரை விட்டுவைத்திருந்தால் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டியிருக்காது. நடுவதற்குப் பதிலாக, மழை பெய்த மறுநாள் ஒரு மணி நேரம் சீகை பிடுங்கும் நாள் என்று வைத்தால் எந்தப் பிள்ளையும் மகிழ்ச்சியோடு செய்யும். பிடுங்குவது பிள்ளைகளுக்கு இயல்பாக வரும் கலை.

சோலை மரம் வளர்க்க விரும்புபவர்களை நான் தடுப்பதில்லை. இடத்தை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். கால்வாய் ஓரம், வீட்டின் நிழல் விழும் மூலை, ஏற்கெனவே மரம் நின்று வெட்டுப்பட்ட பள்ளம் ஆகியவை அதற்கு உகந்தவை. நாவல் வகைகள் போன்ற பல சோலை மரங்களின் விதைகள் உலர்ந்தால் உயிர் போய்விடும். பழம் உதிர்ந்த சில நாட்களுக்குள் சதையைக் கழுவி, ஈரமான இலை மட்கில் ஊன்றிவிட வேண்டும். டப்பாவில் சேர்த்துவைத்து அடுத்த ஆண்டு போடலாம் என்றால் ஒன்றும் முளைக்காது. கன்று முழங்கால் உயரம் வரவே பொறுமை வேண்டும். புல்லோ இரண்டாவது மழைக்காலத்திலேயே கதிர் விட்டுவிடுகிறது, அதனால் அவசரக்காரர்களுக்கும் ஏற்றது.

புல்லின் அருமையை நமக்கு முன்பே அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். தோடர்கள் தங்கள் பாரம்பரியக் கோவிலின் வளைந்த கூரையை வேய்வது சதுப்பில் வளரும் ஒரு குறிப்பிட்ட புல்லால்தான். சதுப்புகள் வடிக்கப்பட்டும் தோப்பாக்கப்பட்டும் குறைந்துவிட்டதால் அந்தப் புல்லை இப்போது தொலைவு சென்று தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. எருமை மேய நிலமும் சுருங்கிவிட்டது. நாம் அயல் மரத்துக்குக் கொடுத்த இடம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று எண்ணும்போது வரையாட்டோடு இவர்களையும் சேர்த்து எண்ணுவதே முறை.

கீழ் வீட்டம்மாவின் முட்டைக்கோஸ் பாத்திக்கு மேலுள்ள கரை சென்ற மழையில் கொஞ்சம் சரிந்தது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிவுகளால் 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்தவர்கள் எவரும் கரை சரிவதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. புல் நட்டால் மண்சரிவே வராது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. மேலே தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் எடுக்க வேண்டும், செங்குத்தாக வெட்டிய கரையைப் படியாகக் குறைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் புல். அதையெல்லாம் செய்துவிட்டு, போன வாரம் வந்து கொத்து கேட்டார். அக்டோபரில் முதல் மழை நன்றாக இறங்கியதும் பிரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்; பாத்திக்குப் போடும் யூரியாவைக் கரையில் தூவக் கூடாது என்றும், ஓரத்தில் எட்டிப் பார்க்கும் கிக்குயுவை அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றும் இரண்டு நிபந்தனைகள் போட்டேன். முதலாவதற்குச் சரி என்றார். இரண்டாவதற்கு, அவருடைய பசுவுக்குத் தீனி அதுதான் என்பதால், பாதியளவு எடுப்பதாக இப்போதைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்.